கார்லிஸுக்குப் பதிலாகக் குதித்தவன்

ஆர்லோ யாண்டெலின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. முதுகைப் பார்த்திருக்கலாம். லேன் கார்லிஸ் நடித்த முப்பத்தொரு கௌபாய் படங்களில், கதாநாயகன் ஓடுகிற கோச்சு வண்டியின்மேல் தாவும்போதும், கூரையிலிருந்து வில்லன்மேல் பாயும்போதும், குதிரையோடு ஆற்றில் விழும்போதும் திரையில் தெரிந்த முதுகு ஆர்லோவுடையது. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் நானும் இருந்தேன். என் பெயர் மெர்ல் ஹாட்ச். குதிரைகளை லாரியில் ஏற்றி ஷூட்டிங் நடக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. ஆள் குறைந்தால் கொள்ளைக்காரன் வேஷம் கட்டிக்கொண்டு பத்தாவது நிமிஷத்தில் சுடப்பட்டுச் சாவேன்.

சன்செட் சாலையும் கோவர் தெருவும் சேருகிற முனையில் ஒரு மருந்துக்கடை உண்டு. காப்பியும் அங்கேயே கிடைக்கும். மாடு மேய்த்த ஊர்களில் பிழைப்பு அற்றுப்போன நாங்கள் எல்லாரும் காலையில் அந்த நடைபாதையில்தான் நிற்போம். தொப்பி, பூட்ஸ், சேணம் எல்லாம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். சுற்றியிருந்த சின்னச் சினிமாக் கம்பெனிகளிலிருந்து ஆள் வந்து, "எட்டுப் பேர், மீசை வெச்சவங்க மட்டும்" என்று கூப்பிடுவான். ஆறு நாளில் ஒரு படம் முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே பாறை, அதே குதிரைகள், வேறு சட்டை.

பேசும் படம் வந்த புதிது அது. மைக்கை ஒரு புதருக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். யாருக்கு வசனம் இருந்தாலும் அந்தப் புதருக்குப் பக்கத்தில் வந்து நின்றுதான் பேச வேண்டும். பாலைவனத்தில் இவ்வளவு இடம் கிடக்க, ஷெரீப்பும் கொள்ளைக்காரனும் ஏன் ஒரே புதரைச் சுற்றி வருகிறார்கள் என்று எந்த ரசிகனும் கேட்டதில்லை.

ஒருமுறை ஆர்லோவுக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள். குதிரையில் வந்து நின்று, "அவங்க அந்தப் பக்கமாப் போயிட்டாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னான். சவுண்டுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார்.

"யோவ், என்ன பாஷைய்யா பேசறான் இவன்? கொஞ்சம் கௌபாய் மாதிரி பேசச் சொல்லுங்கய்யா!"

ஆர்லோ நடக்கப் பழகும் முன்பே சேணத்தில் உட்கார வைக்கப்பட்டவன். வசனத்தை அவனிடமிருந்து பிடுங்கி லேன் கார்லிஸுக்குக் கொடுத்தார்கள். கார்லிஸ் சினிமாவுக்கு வரும் முன் ஒஹையோவில் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். அவர் பேசியது அசல் கௌபாய் பேச்சாக இருந்ததாம். ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆர்லோவும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

கார்லிஸைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அழகான பல்வரிசை, நல்ல குரல். குதிரை என்றால் மட்டும் உள்ளுக்குள் பயம். ஏணியில் ஏறுகிறவர் மாதிரி குதிரையில் ஏறுவார். அவருடைய சாகசத்தையெல்லாம் ஆர்லோதான் செய்தான். ஆனால் போஸ்டரில், "அத்தனை சாகசமும் அவரே செய்தவை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வருகிற பிள்ளைகள் அதை வேதவாக்காக நம்பினார்கள். டூப் போடுவதை வெளியே சொன்னால் அன்றோடு வேலை போய்விடும் என்று ஆர்லோவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த நடைபாதையில் இருநூறு பேர் நின்றோம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லக்கூடியவன் ஒருவன்கூட இல்லை.

ஆர்லோவின் ஊர் ஒக்லஹோமாவின் மேற்குக் கோடியில் கார்டர் வெல்ஸ். அப்பா பெயர் ஈஸம் யாண்டெல். சுற்றுவட்டாரத்துக்கே குதிரை பழக்கிக் கொடுத்தவர். கோதுமைக்கு நல்ல விலை வந்த நேரத்தில், குதிரைகளையெல்லாம் விற்று ஒரு டிராக்டர் வாங்கி, புல்வெளியை உழப்போவதாகச் சொன்னார். ஆர்லோவுக்கு அப்போது இருபத்தி நாலு வயது. "குதிரை போற வீட்ல எனக்கு என்ன வேலை?" என்று கேட்டான். "அப்ப நீயும் போ" என்றார் அவர். போய்விட்டான். ஏழு வருஷம் இருவருக்கும் இடையில் ஒரு கடிதம் கிடையாது. ஒருநாள் பாறை மறைவில் கேமராவுக்குக் காத்திருந்தபோது அவனே என்னிடம் சொன்னது இது. "கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு, மெர்ல். இப்ப என்ன எழுதறதுன்னுதான் தெரியல" என்றான்.

1935 மார்ச்சில் கம்பெனி ஒரு காரியம் செய்தது. கார்லிஸ் ஆற்றில் குதிக்கிற படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதடிப் பாறையிலிருந்து வெள்ளைக் குதிரையோடு குதிக்கும் காட்சி. ஆர்லோ ஒரே டேக்கில் செய்தது. அந்தப் படத்தோடு கார்லிஸையும் குதிரையையும் ஊர் ஊராக அனுப்பினார்கள். படம் முடிந்ததும் அவர் மேடைக்கு வந்து பிள்ளைகளோடு பேசுவார். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ள கட்லர் என்றொருவர் கூட வந்தார். குதிரைக்கு ஆர்லோ, லாரிக்கு நான்.

டெக்ஸஸ் எல்லையைத் தாண்டும்போது கட்லர் ஊர்ப் பட்டியலைப் படித்தார். மூன்றாவது பெயர் கார்டர் வெல்ஸ். அடுத்த தடவை பெட்ரோல் போட நிறுத்தியபோது ஆர்லோ, "எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டா என்ன?" என்று என்னிடம் கேட்டான். கொஞ்ச தூரம் போனதும், "வேணாம். பாத்துட்டுதான் வருவோமே" என்றான்.

கார்டர் வெல்ஸில் புல்லே இல்லை. உழுது போட்ட புல்வெளியில் மழை பொய்த்து, மண்ணெல்லாம் புயலாகக் கிளம்பியிருந்தது. வேலிக் கம்பிகளில் பாதி உயரத்துக்கு மண் குவிந்து கிடந்தது. ஜன்னல்களில் தூசி நுழையாமலிருக்க ஈரத் துணி தொங்கியது. இருந்தும் அந்தச் சனிக்கிழமை சுற்றியிருந்த பண்ணைகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சினிமாக் கொட்டகை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகையை நடத்திய ஓப்பல் கிரிக்ஸ்பி என்ற அம்மாள், தலையில் துணி கட்டிக்கொண்டு நாற்காலி நாற்காலியாகத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்லோ குதிரைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தான். நான் லாரியின் பின்பக்கம் நின்றேன். உயரமான கிழவர் ஒருவர் வந்து, என்னைப் பார்க்காமல், நேராகக் குதிரையின் முன்னங்காலைத் தடவினார்.

"நல்லாப் பாத்துக்கறான்" என்றார்.

"யாரைச் சொல்றீங்க, ஐயா?"

"என் பையனைத்தான். நான் ஈஸம் யாண்டெல். நாலு வருஷமா இந்தக் கொட்டகையில அவனைத்தான் பாத்துட்டிருக்கேன். அந்த ஹீரோ குதிரையில உக்காந்து பேசறப்ப ஒரு ஆளு. குதிரை ஓட ஆரம்பிச்சா வேற ஆளு. ஓடறப்ப இடது முழங்கை வெளிய தூக்கி நிக்கும் பாருங்க. ஒம்பது வயசுல உடைச்சுக்கிட்டான். நான்தான் கட்டுப்போட்டேன். கோணலாச் சேந்துடுச்சு." அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊர்ல எவனும் நம்ப மாட்டேங்கறான். நீங்க சொல்லுங்க. அது அவன்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"அவன்தான். எல்லாமே அவன்தான். ஆத்துல குதிச்சதும் அவன்தான். அவனை மாதிரி ஒருத்தனை நான் பாத்ததில்ல" என்றேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஆர்லோ வாளியோடு வந்துவிட்டான்.

ஏழு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்கிற இரண்டு பேர் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"பின்னங்கால் லாடம் தளந்திருக்கு" என்றார் அப்பா.

"தெரியும்ப்பா. நாளைக்கு மாத்திடுவேன்."

"நாளைக்கு வரைக்கும் தாங்காது. வீட்ல சாமான் இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் ஓட்டிட்டு வா. நானே அடிச்சுத் தரேன்." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பீன்ஸ் வேக வெச்சிருக்கேன். சோள ரொட்டியும் இருக்கு. தூசி கொஞ்சம் இருக்கும், பாத்துச் சாப்பிடணும்" என்றார்.

"வரேன்ப்பா" என்றான் ஆர்லோ. அவன் குரல் அப்படி இளகி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

படம் ஓடியது. பாறையிலிருந்து குதிக்கிற காட்சியில் கூரை பிய்த்துக்கொள்ளும்படி பிள்ளைகள் கத்தினார்கள். முடிந்ததும் கார்லிஸ் மேடைக்கு வந்தார். ஆர்லோ வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஒரு சிறுமி எழுந்து, "ஆத்துல குதிச்சப்ப உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"குதிரை என்னை நம்புச்சு, நான் குதிரையை நம்பினேன்" என்றார் கார்லிஸ். எல்லா ஊரிலும் அதையேதான் சொல்வார்.

மூன்றாவது வரிசையில் ஈஸம் யாண்டெல் எழுந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். சண்டை போடுகிற தோரணை இல்லை. கல்யாண வீட்டில் நாலு வார்த்தை பேச எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"தம்பி, நீங்க நல்லாப் பேசறீங்க, நல்லா நடிக்கறீங்க. நான் குறை சொல்லல. ஆனா ஆத்துல குதிச்சது நீங்க இல்ல. அதோ குதிரையைப் பிடிச்சிட்டு நிக்கறானே, அவன். என் மகன் ஆர்லோ. இந்த ஊர்ப் பையன். பிள்ளைங்களுக்கு அது தெரியணும்."

கார்லிஸ் வாயைத் திறந்தார், மூடினார், கட்லர் இருந்த பக்கம் பார்த்தார். கட்லர் சிரித்த முகத்தோடு மேடைக்கு வந்தார்.

"பெரியவரே, அதுக்கென்ன, ஆளையே கேட்டுடுவோம். ஏம்ப்பா, குதிச்சது நீயா?"

ஆர்லோ குதிரையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இல்லைங்க. மிஸ்டர் கார்லிஸ்தான் குதிச்சாரு."

"ஆர்லோ" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

"அப்பா, நீங்க தப்பாப் பாத்திருக்கீங்க. உக்காருங்க."

முதலில் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "கண்ணாடி வாங்கிப் போடு தாத்தா!" என்று ஒரு பையன் கத்தினான். கட்லர் கை காட்டிச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டார். கிழவர் உட்காரவில்லை. வரிசையில் இருந்தவர்களிடம், "கொஞ்சம் வழி விடுங்க" என்று மரியாதையாகக் கேட்டு, ஒவ்வொருவர் காலாகத் தாண்டி, நடைவழிக்கு வந்து வெளியே போனார்.

ஆட்டம் முடிந்து குதிரையை லாரியில் ஏற்றினோம். அடுத்த ஊர் அறுபது மைல். மேற்கே வானம் பழுப்பாகிக்கொண்டு வந்தது. கட்லர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்பா வீட்டுக்குப் போகிற பாதை ஊர்க்கோடியில் பிரிகிறது. அங்கே வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். ஆர்லோ அந்தப் பாதையையே பார்த்தான்.

"திரும்பி வரப்பப் பாத்துக்கலாம். போ" என்றான்.

நான் நிறுத்தியிருக்கலாம். பிரேக் என் காலடியில்தானே இருந்தது?

பத்து மைல் போனபின் என்னால் அடக்க முடியவில்லை. "நான்தான்டா உங்கப்பாகிட்டச் சொன்னேன். நீதான் குதிச்சேன்னு" என்றேன்.

"நீ சொல்லலைன்னாலும் அவருக்குத் தெரியும்" என்றான். அடுத்த ஊர் நெருங்கியபோது, "உக்காருங்கன்னு சொல்லியிருக்க வேணாம், மெர்ல். இல்லைன்னதோட விட்டிருக்கலாம்" என்றான்.

திரும்பும்போது மண் புயலால் சாலையை மூடிவிட்டார்கள். தெற்கே நியூ மெக்ஸிகோ வழியாக வந்து சேர்ந்தோம். அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவன் கடிதம் எழுத உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதிவிட்டு பென்சிலைச் சீவுவான். சீவிய பென்சிலைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

ஜூனில், லோன் பைன் பாறைகளில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தபோது தந்தி வந்தது. ஓப்பல் கிரிக்ஸ்பி அனுப்பியிருந்தார். தூசி நெஞ்சில் அடைத்து அப்பா இறந்துவிட்டார். டைரக்டர் வருத்தம் தெரிவித்தார். அன்று பிற்பகலில் எடுக்க வேண்டிய வண்டித் தாவலை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். ஆர்லோ அதைச் செய்தான். சரியாகவும் செய்தான். பிறகு நானும் அவனும் ரயில் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாளே அடக்கம் முடிந்திருந்தது.

கல்லறையில் அவன் ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஓப்பல் அம்மாளைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றான். டிக்கெட் கொடுக்கிற சின்ன அறையில் எங்களை உட்கார வைத்து அந்த அம்மாள் காப்பி கொடுத்தார்.

"அப்பா அதுக்கப்புறம் இங்க வந்தாரா?" என்று ஆர்லோ கேட்டான்.

"வராம என்ன? உடம்பு முடியற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாரு. கடைசி வரிசையில உக்காருவாரு. பசங்க விடுவாங்களா? குதிரை ஓடறப்பெல்லாம் திரும்பி, 'தாத்தா, அது உங்க பையனா?'ன்னு கத்துவாங்க. அவரு என்ன சொல்வாரு தெரியுமா? 'இல்லடா, அது அந்த ஹீரோதான். எனக்குத்தான் கண்ணு தெரியாமப் போச்சு'ம்பாரு."

ஆர்லோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"முடி வெட்டற கடையிலயும் அதையேதான் சொன்னாராம்" என்றார் ஓப்பல். "எனக்குப் பொறுக்கல. ஒருநாள் கேட்டேபுட்டேன். 'ஏன் ஈஸம், உங்களுக்கு நல்லாத் தெரியுமே, ஏன் இப்படிச் சொல்றீங்க?'ன்னு. 'அத்தனை பேர் முன்னாடி அவன் சொல்லிட்டான், ஓப்பல். நான் இன்னும் அவன்தான்னு சொல்லிட்டிருந்தா அவன் பொய்யன்னு ஆயிடும். எனக்குக் கண்ணு தெரியலைன்னா என்ன, வயசானவனுக்கு அது நடக்கறதுதானே'ன்னாரு. இனிமே குதிரை வாங்கறதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு பக்கத்துப் பண்ணைக்காரங்ககிட்டயும் சொல்லிட்டாரு. கண்ணு தெரியாதவன் குதிரையைப் பாத்துச் சொன்னா யாரு நம்புவான்னு."

அந்தப் பகுதியில் யார் குதிரை வாங்கினாலும் முதலில் ஈஸம் யாண்டெல் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நாற்பது வருஷமாக அவருக்கு இருந்த மரியாதையே அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை. ஆர்லோ ஓப்பல் அம்மாளிடம் அனுமதி கேட்டு, படம் போடும் முன் மேடையில் ஏறினான். நான் கதவோரம் நின்றேன். ஐம்பது அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். ஆர்லோவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"என் பேரு ஆர்லோ யாண்டெல். போன மார்ச்ல இங்க குதிரையைப் பிடிச்சிட்டு நின்னவன். எங்கப்பா அன்னிக்குச் சொன்னது உண்மை. ஆத்துல குதிச்சது நான்தான். அவரு சரியாத்தான் பாத்தாரு. நான்தான் பொய் சொன்னேன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. முன்வரிசையில் பத்து வயசுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஆனா அது நீங்க இல்லைன்னு உங்கப்பாவே எங்ககிட்டச் சொன்னாரே. நிறையத் தடவை சொன்னாரு."

"எனக்காகச் சொன்னாரு, தம்பி."

பையன் யோசித்தான். "அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு எங்க வீட்ல சொல்வாங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

ஆர்லோ இறங்கி வந்துவிட்டான். ஓப்பல் அம்மாள் விளக்கை அணைக்க, படம் ஆரம்பித்தது.

அவன் மேடையில் சொன்னது கம்பெனியின் காதுக்கு எட்டவே இல்லை. யாரும் அவனை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பான் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் கார்லிஸுக்குப் பதிலாக விழுந்தான், பாய்ந்தான், குதித்தான். பிறகு கம்பெனி கைமாறியது. பாட்டுப் பாடுகிற கதாநாயகர்கள் வந்தார்கள். கார்லிஸ் பெண்டாட்டி பிள்ளையோடு ஒஹையோவுக்கே திரும்பிப் போனார். ஆர்லோ வேறு ஆட்களுக்கு டூப் போட்டான். 1943இல் ஒரு வண்டி அவன்மேல் புரண்டு இடுப்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு சாட்ஸ்வொர்த்தில் ஒரு லாயத்தில் தீனி கலக்கிக் கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் சினிமா பார்க்கப் போய் நான் கண்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பஸ் பிடித்துக் கார்டர் வெல்ஸுக்குப் போய்வருவான். அங்கே என்ன செய்வான் என்று நான் கேட்டதில்லை.

1952 பிப்ரவரியில் நிமோனியாவில் போய்விட்டான். அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். எட்டுப் பேர் பழைய நடைபாதை ஆட்கள். ஒன்பதாவது ஆள் கார்லிஸ். பத்திரிகையில் யாரோ போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு ஒஹையோவிலிருந்து வந்திருந்தார். தலை நரைத்து, கொஞ்சம் பருத்திருந்தார்.

எல்லாரும் கலைந்தபின் அவர் என்னிடம் வந்தார்.

"மெர்ல், அன்னிக்கு மேடையில கட்லர் அவனைக் கேக்கறதுக்கு முன்னாடி நான் வாயைத் திறந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"'ஆமா, அவன்தான்'னு சொல்லத்தான் திறந்தேன். சொல்லல."

சொல்லியிருக்கலாம் என்றேன் நான். ஆமாம் என்றார் அவர். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட்டேன்.